பழைய பள்ளி ஹால்ல கச்சேரி: செலவு ஸ்பீக்கருக்கா, சுவருக்கா?

ஆண்டு விழாவில் மைக்கில் பேசினது பின் வரிசைக்குப் புரியாமப் போனது நினைவிருக்கா? பரங்கிப்பேட்டையோ சிதம்பரமோ, பழைய பள்ளி ஹாலை இசை அரங்கமா மாத்தினாலும் அதே சிக்கல்தான் வரும்.

காரணம் என்ன?

சிமென்ட் தரை, வெறும் சுவர், உயரமான கூரை. இதில் ஒலி பட்டுப் பட்டுத் திரும்பும். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக விரிவுரை அரங்கு ஒன்றில், பேசிய சொல் 5.5 விநாடி வரை ஒலித்தது. இயற்பியலாளர் வாலஸ் சபைன் இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பினார். எதிரொலிப்பு குறைந்தது.

தீர்வு?

மைக் கச்சேரிக்கு அந்த நேரம் சுமார் 1 விநாடி போதும். கனமான திரை, சுவரில் ஒலி உறிஞ்சும் பலகை உதவும். கூட்டமும் ஒலியை உறிஞ்சும். அதனால காலி ஹாலில் செய்யும் சவுண்ட் செக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

சட்டம்?

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. ஆனா குடியிருப்புப் பகுதிக்கான இரவு அளவு 45 டெசிபல்தான். ஜன்னலைத் திறந்து வைத்தா, சத்தம் தெருவுக்குப் போயிடும், மூடினா புழுக்கம். காற்றோட்டத்துக்கும் தனியா செலவு இருக்கு.

ஆக, முதல் செலவு சுவருக்கு. ஸ்பீக்கர் அப்புறம்தான்.