உங்களுக்குத் தெரியுமா?

கால் நீட்டத் தாராளமாக இடமுள்ள விமான இருக்கை, காலில் மாவுக்கட்டு போட்டவருக்குக் கிடைக்காது! அவசரகால வழியை ஒட்டிய வரிசை அது. ஆபத்தில் கதவைத் திறந்து மற்றவர் வெளியேற உதவக்கூடியவருக்கே தருவார்கள்.

• பழவேற்காட்டு மீனவக் குப்பங்களிலிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் போய், வெளியூர் சிகிச்சைக்குப் பறப்பவர்கள் நடைபாதையோர இருக்கை கேட்கலாம். எளிதாக உட்கார, பல விமானங்களில் அதன் கைப்பிடியை மேலே தூக்கலாம். விசை அடியில் இருக்கும்.

• 2012இல் பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷ் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பெரும் அநீதி. 2016இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

• சக்கர நாற்காலி வேண்டுமா? புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.