எந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டுவது?

தீபாவளி முடிந்த வாரம், கிள்ளானில் எங்கள் பழைய அண்டை வீட்டு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். முறுக்கையும் தேநீரையும் வைத்துவிட்டு, டிவி மேசையிலிருந்து பளபளப்பான துண்டறிக்கை ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

“தம்பி, நீங்க இதே லைன்லதானே இருக்கீங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. சனிக்கிழமைக்குள்ள கட்டினா கழிவு இருக்காம். சங்கிலிய அடகு வெச்சாவது கட்டிரலாம்னு பார்க்கிறேன்.”

அவர் மகனுக்கு 23 வயது. போலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா முடித்து ஓராண்டு ஆகிறது. கைப்பேசிக் கடையில் பழுதுபார்க்கும் வேலை. ஹோட்டல் ஒன்றில் நடந்த இலவசக் கருத்தரங்குக்குத் தாயும் மகனும் போயிருக்கிறார்கள். அங்கே கொடுத்ததுதான் அந்தத் துண்டறிக்கை. ஆறு மாதத்தில் நான்கு அனைத்துலகச் சான்றிதழ்கள், 9,800 ரிங்கிட். கண்ணாடி போட்டால்தான் படிக்க முடிகிற எழுத்தில், ‘தேர்வுக் கட்டணம் தனி’ என்று கீழே ஒரு வரி.

நான்கில் முதலாவது சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ. அடுத்தது அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட். மூன்றாவது எத்திக்கல் ஹேக்கர். நான்காவது சிஐஎஸ்எஸ்பி. அந்த நான்காவது பெயரைப் படித்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

சிஐஎஸ்எஸ்பி மட்டமான சான்றிதழ் அல்ல. இணையப் பாதுகாப்புத் துறையில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. அதை வழங்கும் ஐஎஸ்சி2 அமைப்பு, எட்டுப் பாடப்பிரிவுகளில் குறைந்தது இரண்டில் ஐந்து ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறது. பட்டமோ அவர்கள் ஏற்கும் வேறொரு சான்றிதழோ இருந்தால் ஓராண்டு குறையும். அனுபவம் இல்லாதவரும் தேர்வு எழுதித் தேறலாம், ஆனால் பெயருக்குப் பின்னால் அந்த ஐந்து எழுத்துகளைப் போட்டுக்கொள்ள முடியாது. ‘அசோசியேட்’ என்ற நிலையில் இருந்துகொண்டு, ஆறு ஆண்டுகளுக்குள் அனுபவத்தைச் சேர்த்துக் காட்ட வேண்டும். கைப்பேசித் திரை மாற்றிக்கொண்டிருக்கும் பையனுக்கு இதை விற்பது, ‘எல்’ லைசென்ஸ்கூட எடுக்காதவனுக்கு டிரெய்லர் லாரியை விற்பது போல.

“இந்த நாலும் என்ன வேலைக்குப்பா?” என்று பையனிடம் கேட்டேன்.

“சைபர் செக்கியூரிட்டி அங்கிள். இப்போ அதுக்குத்தான் ஆள் பத்தலைன்னு சொன்னாங்க.”

சொன்னவர்கள் அதில் பொய் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டு 26-ஆம் தேதி நம் நாட்டில் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்புகளை நடத்தும் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இடர் மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்தாக வேண்டும். அதே மாதம் அமேசான் வெப் சர்வீசஸ் தன் மலேசிய கிளவுட் வட்டாரத்தைத் திறந்தது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் திறந்தது. ஜொகூரில் செடெனாக், கூலாய் பக்கம் போனால் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

இந்தச் செய்திகளை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. ‘அமேசான் வந்துவிட்டது, ஆகவே அமேசான் சான்றிதழ் எடு’ என்பார்கள். தரவு மையத்துக்குள் அன்றாடம் தேவைப்படுவது மின்சாரம், குளிரூட்டல், கேபிள், சர்வர் வன்பொருள் தெரிந்தவர்கள். அங்கே மின்பொறியியல் டிப்ளோமாவுக்கு இருக்கும் மரியாதை வேறு. கிளவுட் சான்றிதழ் உதவுவது அந்தச் சேவையை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தும் வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ மென்பொருள் கடையிலோதான். அது கோலாலம்பூரிலும் இருக்கலாம், பினாங்கிலும் இருக்கலாம்.

விளம்பரங்களே சொல்லும்

அன்று மாலை மடிக்கணினியைத் திறந்து, பையனும் நானும் ஜாப்ஸ்ட்ரீட்டில் உட்கார்ந்தோம். யார் என்னிடம் சான்றிதழ் பற்றிக் கேட்டாலும் நான் சொல்லும் வேலை இது ஒன்றுதான். நீங்கள் உண்மையில் போய்வரக்கூடிய ஊர்களில், இன்றைக்கு விண்ணப்பித்தால் கூப்பிடக்கூடிய பதவிகளுக்கான விளம்பரங்களை ஒரு முப்பதாவது சேருங்கள். எந்தச் சான்றிதழின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று தாளில் கோடு போடுங்கள். ‘கட்டாயம்’ என்று கேட்பதையும் ‘இருந்தால் நல்லது’ என்று கேட்பதையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஒரு மாலை நேரம் போதும், செலவு ஒரு காசு கிடையாது.

மூன்றாவது பக்கம் போவதற்குள் பையன் முகம் மாறிவிட்டது. பாதுகாப்புப் பதவிகள் பெரும்பாலும் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு அனுபவம் கேட்டன. அந்த அனுபவம் எங்கிருந்து வரும் என்று பார்த்தால், நெட்வொர்க் சப்போர்ட், சர்வீஸ் டெஸ்க், இரவு பகல் மாறி மாறி கண்காணிப்புப் பணி. அந்தப் பதவிகளுக்கான விளம்பரங்களில் சிசிஎன்ஏ அடிக்கடி தென்பட்டது. துண்டறிக்கையின் நான்கு பெயர்களில் அவன் இப்போதைய நிலைக்குப் பொருந்தியது அது ஒன்றுதான்.

இதற்கிடையில் ஈப்போவிலிருந்து மாமா தொலைபேசியில் வந்தார். “எம்சிஎஸ்இ எடுக்கச் சொல்லு, அதுதான் ராஜா” என்றார். அவர் காலத்தில் அது ராஜாதான். மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. சிசிஎன்ஏ-வும் 2020 பிப்ரவரியில் மாறியது. பாதுகாப்பு, வயர்லெஸ் என்று கிளை கிளையாக இருந்ததை ஒரே தேர்வாக ஆக்கினார்கள். அதன் எண் 200-301. பயிற்சி மையத்தின் பாடக் குறிப்பில் பழைய பெயரோ பழைய எண்ணோ இருந்தால், ஆசிரியர் கடைசியாக எப்போது புத்தகத்தைத் திறந்தார் என்று தெரிந்துவிடும்.

எல்லாருக்கும் சிசிஎன்ஏ என்று நான் சொல்லவரவில்லை. நிரல் எழுதுகிறவர்களுக்குச் சான்றிதழை விட, எழுதிய நிரலைக் காட்டுவதுதான் பேசும். லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்க விரும்புவோருக்கு ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ எனக்குப் பிடித்த தேர்வு. அதில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கொடுத்து, இதைச் செய் என்பார்கள். திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழுக்கு, பட்டதாரிகளே 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் காட்ட வேண்டும், ஆகவே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதைக் கொஞ்ச காலம் மறந்துவிடலாம். கணினிப் பழுதுபார்ப்புக்கான கம்ப்டியா ஏ பிளஸ் இரண்டு தேர்வுகள், இரண்டு கட்டணம். நான் பார்த்த வரை நம் ஊர் விளம்பரங்களில் அதற்கு அமெரிக்காவில் உள்ள கிராக்கி இல்லை. பாதுகாப்புத் துறைக்குள் நுழைய அதே கம்ப்டியாவின் செக்கியூரிட்டி பிளஸ் நல்ல படி. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், கட்டாய முன்நிபந்தனை இல்லை. ஆனால் நெட்வொர்க் புரியாமல் அதில் உட்கார்ந்தால் மனப்பாடம் செய்துதான் தேற வேண்டியிருக்கும்.

கட்டணமும் காலாவதியும்

தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் அமெரிக்க டாலரில். சிசிஎன்ஏ 300 டாலர். அமேசானின் தொடக்க நிலைத் தேர்வு 100 டாலர், அசோசியேட் நிலை 150 டாலர். தோற்றால் மறுபடியும் முழுக் கட்டணம் கட்டித்தான் உட்கார வேண்டும். விலை அவ்வப்போது மாறுவதால், கட்டும் முன் அந்தந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பலர் மறக்கும் விஷயம் காலாவதி. சிசிஎன்ஏ, அமேசான், செக்கியூரிட்டி பிளஸ் எல்லாம் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். மைக்ரோசாஃப்டின் அசோசியேட் நிலைச் சான்றிதழ்கள் ஓராண்டு; ஆனால் புதுப்பிக்கும் தேர்வை இணையத்தில் இலவசமாக எழுதலாம். அவர்களின் அடிப்படை நிலைச் சான்றிதழ்கள் காலாவதியாவதில்லை. சிஐஎஸ்எஸ்பி வைத்திருப்போர் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். ஆறு மாதத்தில் நான்கையும் வாரிச் சேர்த்தவர், மூன்று ஆண்டு கழித்து அவற்றைப் புதுப்பிக்கும் செலவையும் ஒரே நேரத்தில் சந்திப்பார். அதில் இரண்டை அதுவரை ஒரு நாள்கூட வேலையில் பயன்படுத்தியிருக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நேர்முகத் தேர்வு நடத்தும் மேசைக்கு அந்தப் பக்கம் நானும் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி எளிமையானது: ஊழியர் ஒருவருக்கு இணையம் வரவில்லை, அவர் கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது, என்ன நடந்திருக்கும்? முகவரி கொடுக்க வேண்டிய டிஎச்சிபி சேவையை எட்ட முடியாததால், கணினி தானே ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு முறை கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தவனுக்கு இது தெரியும். மூன்று சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு வந்த இளைஞர் ஒருவர் இதற்கு வெகுநேரம் யோசித்தார். பிறகு அவரே ஒப்புக்கொண்டார்: மையத்தில் கொடுத்த, கசிந்த கேள்வித்தாளை மனப்பாடம் செய்து எழுதியது. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழே பறிபோகும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவர் அப்பா இபிஎஃப் பணத்தை எடுத்துக் கட்டியதாகச் சொன்னார். அந்த நேர்முகத் தேர்வு இன்னும் என் நினைவில் இருக்கிறது.

ஒன்றே ஒன்று

அக்கா வீட்டுக்கு வருவோம். பேசிக்கொண்டிருக்கும்போது பையன் தன் டிப்ளோமா பாடத்திட்டத்தை எடுத்து வந்தான். அவன் போலிடெக்னிக்கில் படித்ததே சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் பாடங்கள்தான். சிசிஎன்ஏ-வுக்கான மூன்று பகுதிகளில் இரண்டை முடித்திருக்கிறான். துண்டறிக்கைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் விற்க வந்ததில் கணிசமான பங்கை அவன் ஏற்கெனவே படித்துவிட்டான், அது அவனுக்கே தெரியவில்லை. பயிற்சிக்கான ‘பேக்கெட் டிரேசர்’ மென்பொருளும் இலவசம். திசைவி, சுவிட்ச் எதுவும் வாங்காமல், வீட்டு மடிக்கணினியிலேயே ஓர் அலுவலகத்தின் பிணையத்தை அமைத்துப் பழகலாம்.

“அப்போ சனிக்கிழமை கட்ட வேணாமா தம்பி?” என்றார் அக்கா.

“வேணாம்கா. தேர்வுக் கட்டணம் மட்டும் போதும். அதுவும் இப்ப இல்ல.”

கைப்பேசிக் கடை வேலையை விட்டு, சைபர்ஜெயாவில் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் டெஸ்க்கில் ஒப்பந்த ஊழியனாகச் சேர்ந்தான். சம்பளம் முன்பை விடப் பெரிதாகக் கூடவில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, மதியம் வரை தூங்கி, மாலையில் படித்தான். சில மாதம் கழித்துத் தேர்வு எழுதினான். தோற்றான். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஒரே மதியத்தில் போனது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “அந்த சென்டருக்கே போயிருக்கலாமோ?” என்று என்னிடமே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பையன்தான் மதிப்பெண் அறிக்கையை விரித்து, சப்நெட் கணக்கிலும் ரூட்டிங்கிலும் அடிவாங்கியிருக்கிறேன் என்று காட்டினான். தோற்ற ஐந்து நாளிலேயே மறுபடி எழுத விடுவார்கள். இவன் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டான். இரண்டாவது கட்டணத்தைத் தன் சம்பளத்திலிருந்து கட்டினான். இந்த முறை தேறினான்.

போன வாரம் கூப்பிட்டான். “அடுத்து என்ன எடுக்கலாம் அங்கிள்? அமேசானா?”

“உங்க கம்பெனில எந்த கிளவுட்?”

“மைக்ரோசாஃப்ட் அஸூர்.”

“கம்பெனியில எத்தனை பேர்?”

“அறுபது பேருக்கு மேல இருக்கும்.”

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள், அவற்றின் துறை சட்டத்தின் கீழ் வந்தால், சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கோர்ப்புக்கு வரியாகக் கட்டுகின்றன. ஊழியர் பயிற்சிக்குத்தான் அந்தப் பணம். கேட்பவர் இல்லாமல் பல இடங்களில் அது அப்படியே கிடக்கிறது. திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் போய், அஸூர் நிர்வாகிப் பயிற்சிக்கு அந்தப் பணத்திலிருந்து அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னேன்.

“கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்களா அங்கிள்?”

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: “கேளுடா!”