கணிப்பில் ஏன் ஒரே எண் இல்லை?

2024 அக்டோபர் 16. சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட். பள்ளிகளுக்கு விடுமுறை. வெள்ளத்துக்குப் பயந்து நிறுத்திய கார்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசைகட்டி நின்றன. எதிர்பார்த்த பெருமழை மட்டும் வரவில்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாள் அதிகாலை நகருக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்துவிட்டது. 2021 டிசம்பர் 30 இதற்கு நேரெதிர். அவ்வளவு பெரிய மழை வரும் என்று யாரும் சொல்லவில்லை, நகரம் மிதந்தது.

இரண்டையும் பார்த்த, வடசென்னைக் கடலோரத் திருவொற்றியூர் மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்கலாம்: நாளைய மழையே தெரியாதவர்கள் 2100இல் கடல் எவ்வளவு உயரும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நல்ல கேள்வி. ‘அது வேறு, இது வேறு’ என்று ஆசிரியர் தாண்டிப்போனால் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

வேறுதான். நாளைய வானிலையைச் சொல்ல, இன்றைய காற்றையும் ஈரத்தையும் துல்லியமாக அளந்திருக்க வேண்டும். அளவில் உள்ள சிறு பிழை நாளுக்கு நாள் பெருகும் என்பதை 1960களிலேயே வானிலை அறிவியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் காட்டினார். கணினியில் ஓடும் காலநிலை மாதிரியோ எந்த ஒரு நாளையும் கணிப்பதில்லை. பல பத்தாண்டுச் சராசரி எந்தப் பக்கம் நகரும் என்பதே அதன் வேலை. அடுத்த நவம்பர் 20 அன்று மழை உண்டா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏப்ரலைவிட நவம்பரில் அதிகம் பெய்யும் என்று பந்தயமே கட்டலாம்.

அப்படியும் எண்கள் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன? மாதிரி, பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. உலக அளவிலான மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கி.மீ. திருவொற்றியூர், மாமல்லபுரம், காஞ்சிபுரம் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, நுங்கம்பாக்கத்தில் 29. இரண்டுக்கும் நடுவே 30 கி.மீ.கூட இல்லை. கட்டத்தைவிடச் சிறிய மேகங்களைத் தோராயச் சூத்திரங்களால்தான் சமாளிக்கிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அவை மாறும்; அதனால் விடையும் ஒரே எண்ணாக இல்லாமல் வரம்பாக வருகிறது. கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பம் எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு 1979இல் அமெரிக்காவின் சார்னி குழு சொன்ன விடை 1.5 முதல் 4.5 டிகிரி. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2021 அறிக்கையில் சொன்னது 2.5 முதல் 4. வரம்பு சுருங்க நாற்பது ஆண்டு பிடித்ததைக் கேலி செய்வோர் உண்டு. நடு மதிப்பு அன்றும் இன்றும் 3 டிகிரியை ஒட்டியே நிற்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கடல்மட்டம் பற்றிய எண்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதே 2021 அறிக்கையின்படி, கரியமில வாயு உமிழ்வை வேகமாகக் குறைத்தால் 2100க்குள் 28 முதல் 55 செ.மீ. உயர்வு, மிக அதிகமாக உமிழ்ந்தால் 63 முதல் 101. இந்த இடைவெளியை அறிவியலின் தலையில் கட்டுவது நியாயமில்லை. நாம் எவ்வளவு நிலக்கரி எரிக்கப்போகிறோம் என்பது எந்த மாதிரிக்கும் தெரியாது. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் பக்கத்திலேயே வளரும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும். குறைந்தபட்ச எண்கூட பூஜ்யம் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

திருவொற்றியூரில் ஓர் எச்சரிக்கையும் தேவை. இங்கே கடல் ஊருக்குள் வந்ததற்கு முதல் காரணம் கடல்மட்டம் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த சென்னைத் துறைமுகச் சுவர்கள், கரையோரமாக வடக்கே நகரும் மணலை மறித்தன; தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை அரித்தது. கொட்டிய கருங்கல்லும் தூண்டில் வளைவுகளும் அதற்கான மருந்து. உலகச் சராசரியை அப்படியே எடுத்து இந்தக் கரையில் ஒட்டவைக்க முடியாது.

துருவப் பனிப்படலங்கள் சரியும் விதம் இன்னும் முழுதாகப் புரியாததால், மிக அதிக உமிழ்வில் 2 மீட்டரை நெருங்கும் உயர்வையும் ஒதுக்க முடியாது என்கிறது அதே ஐபிசிசி அறிக்கை. வகுப்புக்கு இதையே கணக்காகக் கொடுக்கலாம்: பத்தாண்டில் மாற்றிக் கட்டக்கூடிய மீன் ஏலக்கூடத்துக்கு எந்த எண்ணை எடுப்பீர்கள்? மணலியின் எண்ணெய்த் தொட்டிகளுக்கு எந்த எண்? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்ததைப் பார்த்தவர்கள் இரண்டாவது கேள்விக்கு நடு எண்ணை எழுதமாட்டார்கள்.