மைக்கும் ஒரு பதம் உண்டு!

மைசூர்பாகுக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறவர்கள் அடுப்பை விட்டு நகர மாட்டார்கள். விரலில் தொட்டு, கம்பிப் பதம் வந்துவிட்டதா என்று இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். பதம் தவறினால் பலகாரம் வீண். இதே கவலை விஞ்ஞானிகளுக்கும் உண்டு என்றால் நம்புவீர்களா? அவர்கள் பதம் பார்ப்பது பாகை அல்ல, அச்சடிக்கும் மையை!

மையைத் துளித் துளியாகத் தெளித்து அச்சடிக்கும் யந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது மையைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. துளை எவ்வளவு பெரிதோ, ஏறக்குறைய அவ்வளவு பெரிய துளிதான் விழும். துளையை மிகவும் சிறிதாக்கினாலோ, மை அடைத்துக்கொள்ளும். பின்னே என்ன வழி? பின்னாலிருந்து தள்ளாமல், முன்னாலிருந்து மின்சாரத்தால் இழுப்பதுதான்!

மின்சாரத்தால் திரவத்தை இழுக்க முடியும் என்பது பழைய சங்கதி. 1600-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட், தேய்த்த அம்பரை ஒரு நீர்த்துளியின் அருகே கொண்டுபோனால் துளி கூம்பாக எழும்புகிறது என்று எழுதி வைத்தார். 1964-ல் ஸர் ஜெஃப்ரி டெய்லர் அந்தக் கூம்பின் கோணத்தையே கணக்கிட்டுச் சொன்னார். இன்று அதற்கு 'டெய்லர் கூம்பு' என்றே பெயர். கூம்பின் நுனியிலிருந்து, துளையைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லிய தாரை பீறிடுகிறது. 2007-ல் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த நுட்பத்தில் அச்சடித்துக் காட்டினார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

ஆனால் எந்தத் திரவமும் இப்படி வளைந்து கொடுத்துவிடாது. தாமரை இலையில் தண்ணீர் முத்தாகத் திரள்கிறதல்லவா? தன் மேற்பரப்பைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பிடிவாதம் தண்ணீருக்கு அதிகம். அதை வெல்லப் போதுமான மின் அழுத்தம் கொடுப்பதற்குள், சுற்றியுள்ள காற்றிலேயே மின்சாரம் பாய்ந்துவிடக் கூடும். சாராயத்துக்கு அந்தப் பிடிவாதம் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கே. எனவே அதைச் சேர்த்தால் மை இணங்கி வரும்.

இரண்டாவது குணம், மின்சாரத்தைக் கடத்தும் சக்தி. சற்றும் கடத்தாத எண்ணெயில் கூம்பே பிறக்காது. கடத்தும் சக்தி கூடக் கூடத் தாரை மெலியும். ஆனால் அளவு மீறினால் தாரை நிலைகுலையும். ஒரே வகை மின்னேற்றம் பெற்ற துளிகள் ஒன்றையொன்று விலக்கிச் சிதறும்.

மூன்றாவது, கொழகொழப்பு. நீர்த்த மை சீக்கிரம் துளிகளாக உடைந்துவிடும். கெட்டியான மையின் தாரை எளிதில் உடையாது. நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் கரைந்திருந்தால், துளியே விழாமல் நூலாக நீளும்! அப்படி நூல் நூற்று, காற்றை வடிகட்டும் துணி செய்வதும் உண்டு. ஆனால் புள்ளி வைக்க வேண்டிய அச்சு யந்திரத்துக்கு நூல் எதற்கு?

வாசல் கோலத்தில் ஓர் இழை தவறினால் அழித்துவிட்டு வேறு போடலாம். இங்கேயோ, வெள்ளித் துகள் கலந்த மையால் மின்சாரச் சுற்றுகளையே வரைகிறார்கள். ஒரு துளி தவறி இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டால் அந்தச் சுற்றே பாழ். ஆகவேதான், எத்தனை நுட்பமான யந்திரம் கையில் இருந்தாலும், விசையைத் தட்டுவதற்கு முன்னால் அவர்கள் முதலில் மையின் குணத்தை அளந்து பார்க்கிறார்கள்.