கறுப்புப் பட்டைக்கு எவ்வளவு கடுமை?

ஜூடோக் கலையை 1882-இல் டோக்கியோவில் நிறுவிய ஜிகோரோ கானோ, மறு ஆண்டே தம் மாணாக்கர் இருவருக்கு முதல் தகுதிநிலை அளித்தார். 'ஷோடான்' என்னும் அதன் பெயருக்குத் 'தொடக்கப் படி' என்பதே பொருள். அந்நிலையின் அடையாளமே கறுப்புப் பட்டை. நாமோ அதனைச் சிகரமெனக் கருதி மயங்குகிறோம்.

குருதி சிந்த வைப்பதே தேர்வு என்பாரும் உளர். கட்டணம் செலுத்தினால் போதும் என்பாரும் உளர். பின்னதையே நாம் பெரிதும் அஞ்சுகிறோம். தன்னைக் காக்க இயலாத சிறுவன், இயலும் என நம்பித் தெருச்சண்டையில் இறங்கிவிடுவானே!

கானோவின் கோடோகான் பள்ளியில் எதிராளியை வெல்வது மட்டும் போதாது. துணைவனோடு 'நாகே நோ கதா' என்னும் எறிமுறைகளையும் செய்துகாட்ட வேண்டும். எறியப்படுபவன் காயமின்றி விழவேண்டும். இக்கடுமையே தக்கது.

பிள்ளை தேறவில்லையென்று ஆசிரியரோடு வாதிடச் செல்லும் பெற்றோரே, அவன் விழக் கற்றுக்கொண்டானா என்று முதலில் கேளுங்கள்.