ஈரத்துணி ஏன் கையைச் சுடுது?



வெப்பம் எப்பவும் சூடான பொருளிலிருந்து சூடு குறைந்த பொருளுக்குத்தான் போகும். அது கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று 3 வழியில் பரவும். இதில் அடுப்படியில் நம்ம கையைச் சுடுவது பெரும்பாலும் வெப்பக் கடத்தல்.

சாமளாபுரம் பக்கம் பல வீட்ல பாத்திரம் இறக்க பனியன் வேஸ்ட் துணிதான். பின்னல் துணி முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணிகள். அதுக்குள்ளே காற்று அடைபட்டிருக்கு. காற்று ஓர் அரிதிற்கடத்தி. அதனால சூடு மெதுவாத்தான் கைக்கு வரும்.

அதே துணி நனைஞ்சா? காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும்! ஈரம்னா குளிர்ச்சிதானேன்னு கொதிக்கிற குண்டாவைப் பிடிச்சா, பாதி வழியிலேயே கை சுடும். குழம்பு காலில் கொட்டும். பக்கத்தில் தம்பி, தங்கை இருந்தா என்ன ஆகும்?

அதனால துணியைக் காயவெச்சு, நாலா மடிச்சுப் பிடிங்க. மடிப்பு கூடினா காற்றும் கூடும்.

சுட்டுட்டா பேஸ்ட், இங்க் தடவக் கூடாது. சாதாரணத் தண்ணீரை 20 நிமிஷம் ஊத்தணும். அப்போ வெப்பம் கையிலிருந்து தண்ணீருக்குப் போயிடும். சுட வைக்கிற அறிவியல்தான் ஆறவும் வைக்குது!