தலைக்குள் ஒரு வழக்கு – 9: நாளைக் கூறுபோட முடியாது

போன வாரம் கட்சிக்காரர் பிரக்கிராசிப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் நட்டஈட்டுக் கணக்கு என்று சொன்னது மறக்கவில்லை. ஆனால் கையில் அகப்பட்ட ஒரு தீர்ப்பு விடமாட்டேன் என்கிறது.

பேராதனை கலஹா சந்தியில் லொறி மோதி ஒருவருக்குத் தலையில் பலத்த அடி என்று வைத்துக்கொள்வோம். வழக்குத் தொடுக்க அவருக்கு இருப்பது 2 வருடம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வைத்த எல்லை அது. சித்தசுவாதீனம் இல்லாதவருக்குக் கடிகாரம் ஓடாது என்ற சலுகையும் உண்டு. ஆனால் வழக்குரிமை பிறக்கும்போதே அவர் அந்த நிலையில் இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். லொறி மோதுகிற கணத்தில் அவர் தெளிவாகத்தானே இருந்தார்? புத்தியைக் கெடுத்ததே அந்த மோதல் அல்லவா? உரிமை முந்திப் பிறந்து புத்தி பிந்திப் போனது என்று எதிராளி வாதிட்டால், அரை விநாடியில் வழக்கே போய்விடும். இங்கிலாந்தில் 1965 இல் கேர்பி எதிர் லெதர் வழக்கில் இந்தக் கேள்வி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. டெனிங் பிரபு சொன்ன விடை இதுதான்: சட்டம் ஒரு நாளைக் கூறுபோட்டுப் பார்ப்பதில்லை. காலையில் மோதி மாலையில் புத்தி போனாலும் இரண்டும் ஒரே நாள். வைத்தியரால் அளக்க முடியாத இடைவெளியைக் கலண்டரை வைத்து மூடிவிட்டார் மனிதர்!

ஆனாலும் அந்த நாளிலேயே புத்தி போனது என்று காட்ட வேண்டுமே. சட்டத்தரணியின் உண்மையான வேலை, லொறிக்காரரின் பிழையை நிறுவுவதைவிட, இதில்தான் இருக்கிறது. வைத்தியசாலைச் சீட்டில் கிளாஸ்கோ அளவுகோலில் 14 என்று எழுதியிருந்தால், 15க்கு 14, இலேசான அடிதான் என்று காப்புறுதிக் கம்பனி சொல்லும். 1974 இல் வந்த அந்த அளவுகோல் கேட்பது கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகால் அசைகிறதா என்பதை மட்டுமே. கடன் கேட்டு வருபவனிடம் இல்லை என்று சொல்ல வருமா என்று அது கேட்பதில்லை. முன்மூளை அடிபட்டவர் பெயர், ஊர், திகதி எல்லாம் சரியாகச் சொல்லி, பழைய கையெழுத்தையும் பிசகாமல் போட்டுவிட்டு, அடுப்பில் கேத்தலை வைத்ததை மறந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். அதைப் பார்ப்பவர்கள் மனைவியும் தாயும்தான். கண்டதைத் திகதி போட்டு எழுதிவைக்க அவர்களிடம் ஒரு கொப்பியைக் கொடுக்கும் சட்டத்தரணி பாதி வழக்கை முடித்துவிட்டார்.

வருடக்கணக்கில் கடிகாரத்தை நிறுத்திவைத்தால் எதிராளி சாட்சிக்கு எங்கே போவார் என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் சலுகையை நம்பிக் காத்திருக்காமல், 2 வருடத்துக்குள் அவர் சார்பில் இன்னொருவர் மூலம் வழக்கைப் போட்டுவிடுவது புத்தி. அப்படியென்றால் அடிபட்டவரைச் சித்தசுவாதீனமற்றவர் என்று அறிவித்தே விடலாமே என்பார்கள். அதன் விலை அதிகம். 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் 556 ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றம் விசாரித்து அவ்வாறு தீர்மானித்தால், அவருடைய சொத்தை நிர்வகிக்க இன்னொருவர் வருவார். மரக்கறி வாங்கத் தெரிந்தவருக்கு நட்டஈட்டு இலட்சங்களைக் காக்கத் தெரியாமல் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே முத்திரையா? எந்தக் காரியத்துக்கு என்று கேட்டுத்தான் ஆற்றலை அளக்க வேண்டும் என்று 2002 இல் மாஸ்டர்மன்-லிஸ்டர் வழக்கில் அதே ஆங்கில நீதிமன்றம் சொன்னது. (மாஸ்டர்மன்-லிஸ்டருடைய மோட்டார் சைக்கிள் 1980 இல் மோதியது ஒரு பால் வண்டியில். வாதத்துக்கு இது தேவையில்லை, விடவும் மனமில்லை.) நம் 556 ஆம் பிரிவு இன்னொன்றும் செய்கிறது: சொத்துள்ள ஒருவரைப் பற்றித்தான் அது பேசத் தொடங்குகிறது. லயத்து அறையிலிருந்து கொழுந்து பறிக்கப் போனவருக்கு ஏது சொத்து? தலையில் அடிபட்ட பிறகு அவருக்கு வாய்த்த ஒரே சொத்து அந்த நட்டஈட்டு உரிமைதான்.

அதன் பெறுமதி எவ்வளவு என்ற கணக்கு அடுத்த வாரம். இந்த முறை தவறாது.